பிள்ளைகள் பச்சைத் தோல் அல்ல

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பெற்றோர்களை முன்னிறுத்தி ஒரு ஞானோபதேசம் அச்சேறியிருக்கிறது. எழுதியவர் நிரம்பப் படித்தவர். கட்டுரைக்குள் அவரே அதைப் பல இடங்களில் சொல்லிவிடுவதால் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம் இல்லை. அவர் கண்ட நோய் இது: பிளஸ் டூவை முடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல், பைபாஸ் ஓர டீக்கடையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன். அவர் எழுதித் தரும் மருந்து: பட்டாளம். நான்கு வருஷம் அக்னி வீரனாகப் போய்வரட்டும், பதனிட்ட தோலாகத் திரும்பி வருவான் என்கிறார். தோல் நாட்டுக்காரர்களுக்கு எழுதுகிறோமே, உவமையாவது உள்ளூர்ச் சரக்காக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். உள்ளூர்ச் சரக்கைத் தொடுகிறவருக்கு உள்ளூர்த் தொழில் கொஞ்சமேனும் தெரிந்திருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான்.

ஏனென்றால் அந்த உவமை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. டேனரியில் உப்புத் தோல் வந்து இறங்கியதும் தரம் பார்ப்பார்கள். அழுகலையும் கத்தி வெட்டையும் ஒதுக்கிய பிறகுதான் ஊறவைப்பதும் சுண்ணாம்பும் குரோம் ட்ரம்மும். ‘வெட் ப்ளூ’வாக வெளியே வந்த தோலுக்கு ஒரு விலை உண்டு, அதை வாங்க ஒரு ஷூ கம்பெனி உண்டு, ஏற்றி அனுப்ப ஒரு துறைமுகம் உண்டு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின் கணக்கு என்ன? 100 பேரை எடுத்து, நான்கு வருஷம் வைத்திருந்து, அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமாக்கிக்கொண்டு, மீதி 75 பேரை ஊருக்கு அனுப்பிவிடுவது. நூறு தோலைப் பாடுபட்டுப் பதனிட்டு எழுபத்தைந்தைக் கேட்டுக்கு வெளியே வைக்கிற டேனரி எத்தனை மாதம் ஓடும்? இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களிடம் போய் இந்த உவமையைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அல்லது அவர்களோடு ஒரு நாளும் பேசியிருக்கக் கூடாது. கட்டுரையாளரிடம் இரண்டாவது தகுதி இருப்பதாகத் தெரிகிறது.

போகட்டும், உவமை வழுக்கியதற்காக வாதத்தைத் தள்ளிவிட வேண்டாம். திசை தெரியாதவனுக்குப் பட்டாளம் திசை காட்டும் என்பதுதானே அந்தக் கட்டுரையின் உயிர்? அப்படிப்பட்ட பையனைப் பட்டாளம் சேர்த்துக்கொள்கிறதா என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில்; தேறினால்தான் மைதானம். மைதானத்தில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். பிறகு பத்து புல்-அப், ஒன்பதடிப் பள்ளம் தாண்டல், அப்புறம் மார்பளவிலிருந்து காது, பல், தட்டைப் பாதம் வரைக்கும் குடைந்து பார்க்கிற மருத்துவச் சோதனை. இதற்காக மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து பாலாற்று மணலில் மூச்சிரைக்க ஓடிவிட்டு, ராத்திரி கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவனைத் திசை தெரியாதவன் என்றால், இந்தப் பக்கத்தில் திசை தெரிந்தவன்தான் யார்? டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனோ மைதானத்தின் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுவான். ஆக, எவனுக்கு மருந்து எழுதினாரோ அவனைப் பட்டாளம் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது; எவனைச் சேர்த்துக்கொள்கிறதோ அவனுக்கு அந்த நோயே இல்லை. பழைய தர்க்க நூலார் இதை அசித்த ஹேது, அதாவது நிறுவப்படாத காரணம், என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் இதைவிடச் சுருக்கமான பெயர் ஒன்று உண்டு, அச்சில் ஏறாது.

இதில் இன்னொரு வேடிக்கை. பட்டாளம் ஒருவனுக்கு முடிவெடுக்கக் கற்றுத்தரும் என்று தொடக்கத்தில் முழங்குகிறவர், சற்றுத் தள்ளி, அங்கே போய்விட்டால் நான்கு வருஷத்துக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை, எழுவதும் உண்பதும் உறங்குவதும் விசிலுக்குத்தான், அதுவே குழம்பிய மனசுக்குப் பெரிய நிம்மதி என்று உருகுகிறார். இரண்டில் எதை நம்புவது? முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விடுதலை தருவதால்தான் அது முடிவெடுக்கும் திறனை வளர்க்கிறதா? ஒரே ஒரு முடிவை மட்டும் பட்டாளம் அவனை எடுக்கச் சொல்கிறது, அதைத் திருப்பி வாங்கவும் அனுமதிப்பதில்லை: சேர்ந்த அக்னி வீரன், மிக விதிவிலக்கான காரணத்துக்காக மேலிடம் சம்மதித்தாலொழிய, நான்கு வருஷம் முடியுமுன் தன் விருப்பத்தில் விலக முடியாது. ஷூ கம்பெனி பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறலாம். மனசு இன்னும் நிலைகொள்ளாத பையனுக்கு, விலக முடியாத ஓர் ஒப்பந்தத்தைப் பரிசோதனைக்காகச் செய்து பார்க்கச் சொல்வதை அறிவுரை என்பதா, அவசரம் என்பதா?

பணக் கணக்குக்கு வருவோம். ஐயா நெகிழ்ந்து நெகிழ்ந்து எழுதியிருக்கும் பகுதி அது. நான்கு வருஷ முடிவில் அரசாங்கம் பையன் கையில் பன்னிரண்டு லட்சத்தை வைக்கும் என்கிறார். தொகை 11.71 லட்சம், ரவுண்டு கட்டியதை மன்னித்துவிடலாம். வைப்பது யாருடைய பணம் என்பதை மறைத்ததை மன்னிக்க முடியாது. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய் என்று திட்டம் சொல்கிறது. அதில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு கையில் தருவது 21,000. அடுத்தடுத்த வருஷங்களில் 33,000, 36,500, 40,000. பிடித்தமும் அதே விகிதம். இப்படி நான்கு வருஷத்தில் அவன் சம்பளத்திலிருந்து கழிவது சுமார் 5.02 லட்சம், அரசு அதே அளவு போடுகிறது, மேலே வட்டி. அதாவது பாதி அவன் காசு. அவன் கூலியிலிருந்து பிடித்ததை அவனுக்கே தானமாகக் கொடுக்கிற வள்ளலை நாம் வாழ்த்த வேண்டுமாம். அகவிலைப்படி கிடையாது, ராணுவச் சேவை ஊதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கேன்டீன் கார்டும் மருத்துவத் திட்டமும்கூடத் திட்டத்தின் நிபந்தனைகளிலேயே மறுக்கப்பட்டவை. ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று நம் ஊரில் மரியாதையாகச் சொல்வார்களே, அந்த மரியாதையின் கல்லும் சுண்ணாம்பும் எவையோ அவற்றை ஒவ்வொன்றாக உருவிவிட்டு வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் பலகையைப் படித்துவிட்டு வீட்டை வர்ணிக்கிறார்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை அவர் சாட்சிக்கு இழுத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி, வீட்டுக்கொரு சிப்பாய் என்று பெயர் வாங்கி, ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படும் ஊர் அது. அந்த ஊரைப் பற்றி எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கே தலைமுறைகள் தலையெடுத்தது எதனால்? ஒழுக்கத்தாலும் உடற்பயிற்சியாலும் என்கிறார் இவர். பதினெட்டு வயதில் போனவன் பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் சேவித்து, ஆயுளுக்கும் பென்ஷன் வாங்கி, முப்பத்தைந்துக்குள் ஊருக்குத் திரும்பி, அந்தப் பென்ஷனை நம்பித் தம்பியைப் படிக்க வைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து, மத்திய அரசு வேலைகளில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் இரண்டாவது உத்தியோகமும் பார்த்தானே, அது கணக்கில் வராதா? பழைய பட்டாளத்தின் விளைச்சலைக் காட்டிப் புதிய பட்டாளத்துக்கு விதைநெல் விற்பதைச் சந்தையில் யாராவது செய்தால் எடைக்கல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

நான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனுக்கு வெளியே வேலை தானாக வரும் என்பது அடுத்த திருவாக்கு. ஆதாரம்? சில தொழிலதிபர்கள் 2022இல் வரவேற்றுப் பேசியது. அதே ஜூனில் பா.ஜ.க. பொதுச்செயலாளர் கைலாஷ் விஜய்வர்கியா, தங்கள் கட்சி அலுவலகப் பாதுகாப்புக்கு ஆள் வைப்பதானால் அக்னி வீரனுக்கே முன்னுரிமை தருவேன் என்று சொன்னதையும் ஐயா சேர்த்திருக்கலாம். வேலைவாய்ப்பு எந்த வாசலில் காத்திருக்கிறது என்று வாசகர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்தார்கள், உண்மைதான். அதன் பொருள், ஒரு சீருடையைக் கழற்றியவன் இன்னொரு சீருடைக்கு மறுபடி வரிசையில் நிற்கலாம் என்பது. திசை கிடைத்துவிட்டதா, வரிசை இடம் மாறியதா?

பட்டாளம் போய்வந்தவனுக்கு வெளியே பிழைப்பு எப்படி என்ற கேள்விக்குக் கைதட்டலை நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உலகத்தில் உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்கா பிறந்த தேதியைக் குலுக்கிப்போட்டு இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுத்தது. யார் போனார், யார் தப்பினார் என்பது குணத்தாலும் குடும்பத்தாலும் அல்லாமல் சீட்டுக் குலுக்கலால் தீர்மானமானதால், இரு தரப்பையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பொருளாதார அறிஞர் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் 1990இல் வெளியிட்ட ஆய்வு, பட்டாளத்துக்குப் போய்வந்த வெள்ளையர்கள் 1980களின் தொடக்கத்தில், போகாதவர்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள் என்று காட்டியது. போன வருஷங்கள் வேலை அனுபவத்தில் விழுந்த ஓட்டை; வெளிச்சந்தை அந்த ஓட்டையைத்தான் பார்த்தது, சல்யூட்டைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் நானே சொல்லிவிடுகிறேன், அவர் தேடிக் களைக்க வேண்டாம்: பிற்பாடு ஆங்கிரிஸ்டே இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது தெரிந்தது. மறைந்ததில் ஒரு பங்கு, போர்வீரர்களைக் கல்லூரிக்கு அனுப்ப அந்த நாட்டுச் சட்டம் கொடுத்த படிப்புப் பணத்துக்கு. ஆக, திரும்பி வந்தவனைத் தூக்கி நிறுத்த உதவியது அரசாங்கம் படிப்புக்குத் திறந்த பணப்பை. நம் பையனுக்கு? பத்தாவதோடு போனவனுக்குப் பன்னிரண்டாவதுக்கு நிகரான சான்றிதழும் ஒரு திறன் சான்றிதழும். அதே வயதில் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமா முடித்து ஒரு வருஷம் வேலையும் பார்த்துவிட்ட கூட்டாளிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திவைத்துப் பேசட்டும் கட்டுரையாளர்.

இந்த மண்ணே வீர மண் என்ற முழக்கத்துக்கு இப்போது வருகிறேன். இதற்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதால் ஐயா சரித்திரத்தை மேலோட்டமாகத் தடவிக்கொடுத்திருக்கிறார். ஆம்பூர்ப் போரைச் சொல்கிறார். 1749இல் இங்கே ஆற்காட்டு நவாப் அன்வருதீன் விழுந்த அந்தப் போரில் மோதியவை வாரிசுச் சண்டைக்காரர்களும் கூலிப் படைகளும் பிரெஞ்சுத் துப்பாக்கிகளும். உள்ளூர்க் குடியானவனுக்கு அதில் கிடைத்தது மிதிபட்ட பயிர். வேலூர்ப் புரட்சியைச் சொல்கிறார். அதைத்தான் அவர் சொல்லியிருக்கவே கூடாது! 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்கள்? சென்னைப் படைத் தளபதி சர் ஜான் கிராடக் புதிய தலைப்பாகையைப் போடு என்றார், நெற்றிச் சின்னத்தை அழி என்றார், தாடியை மழி என்றார். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் வேறு. மே மாதமே மறுத்துப் பேசியவர்களில் இருவருக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. பிறகுதான் கோட்டையில் கலகம் வெடித்தது; ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடவைத்தார். கேள்வி கேட்காமல் கீழ்ப்படியக் கற்றுக்கொள் என்று பையனுக்கு உபதேசம் செய்கிற கட்டுரையில், கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்துச் செத்தவர்களை மேற்கோள் காட்டுவதற்கு எப்பேர்ப்பட்ட கவனக்குறைவு வேண்டும்? தோல் நாட்டில், தோல் குஞ்சத்தை மறுத்தவர்களைக் காட்டி, தோலாகப் பதப்படச் சொல்கிறார். இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

வீர மண் என்ற பட்டமாவது நிலையானதா? 1880களில் முதலில் சென்னைப் படைக்கும் பின்பு இந்தியப் படைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திய சிப்பாய்க்குப் போர்க்குணம் இல்லை என்று தீர்மானித்துவிட்டார். பஞ்சாபியும் கூர்க்காவும் ‘போர்க்குடிகள்’ ஆக, சென்னைப் பட்டாளங்கள் தேய்ந்தன. பிறகு உலகப்போர்களில் ஆள் தட்டுப்பாடு வந்தது. அதே தெற்கத்தியான் ராத்திரியோடு ராத்திரியாக வீரனாகிவிட்டான். தேவைப்பட்டால் சூடிக்கொண்டு தேவை தீர்ந்தால் கழற்றிவிடுகிற பட்டம் அது. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: முதல் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள். செத்தவர்கள் கணக்கு கல்லில் ஏறியது, நியாயம். திரும்பி வந்த 263 பேர் என்ன ஆனார்கள் என்று வெட்டிவைக்க யாருக்குத் தோன்றியது? நூறு வருஷம் கழித்து நம் கட்டுரையாளருக்கும் தோன்றவில்லை. வள்ளுவரின் படைச்செருக்கு அதிகாரத்தை மட்டும் விருந்துக்கு அழைத்திருக்கிறார். அதற்கு முந்திய படைமாட்சியில், படை வெல்ல வேண்டுமானால் அதனிடம் வறுமை இருக்கக் கூடாது என்று வள்ளுவர் வைத்த நிபந்தனை வாசலிலேயே நிற்கிறது.

தோல் தொழில் இனித் தேறாது, ஆகவே பட்டாளம் என்பது கடைசி வாதம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகள் ஆடிப்போனது மெய். ஆனால் வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்தில் ஆடுகிற பிழைப்புக்கு மாற்று, டெல்லியில் ஒருவர் போட்ட கையெழுத்தில் நான்கு வருஷத்தில் முடிகிற பிழைப்பா? பையனுக்குத் திசை தெரியவில்லை என்று சொல்வதற்கு முன், எந்தெந்தத் திசை அடைபட்டது, யார் அடைத்தார்கள் என்று கேட்க வேண்டாமா? டேனரிக் கழிவால் பாலாற்றுக் கரை நிலமும் கிணறும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அப்பன் நிலம் உவர்த்துப்போன, அண்ணன் டேனரியில் இருமுகிற வீட்டுப் பையன் ‘நான் எங்கே போவது’ என்று யோசிப்பதை மனக்குழப்பம் என்று பெயரிட்டு, உடற்பயிற்சியால் தீர்க்கப் பார்க்கிறார். அதே வீட்டுப் பெண் காலையில் கம்பெனி பஸ் பிடித்துப்போய் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்து சாயங்காலம் திரும்புகிறாள். அவளுக்குத் திசை தெரிகிறதா என்று இதுவரை எந்தக் கட்டுரையும் கவலைப்படவில்லை. சம்பளம் வருகிறவரை அது பிரச்சினை இல்லை போலும்.

இவ்வளவு முரண்பாட்டைச் சுமந்துகொண்டு ஒரு கட்டுரை ஏன் பிறக்கிறது? காரணம் கட்டுரையின் வாலில் இருக்கிறது: ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையங்களில் உடனே சேர்த்துவிடுங்கள் என்ற பரிந்துரை. ஆள்சேர்ப்பு முற்றிலும் இலவசம், இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று ராணுவமே முகாம்தோறும் எச்சரிக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு மட்டும் பையன் கட்டுவது 250 ரூபாய். மையத்துக்குக் கட்டுவது எவ்வளவு என்று ஐயா எழுதவில்லை. தேர்வாகாமல் திரும்புகிறவர்கள்தான் பெரும்பாலோர் என்பதையும் எழுதவில்லை. அவர்கள் அடுத்த வருஷமும் கட்டணம் கட்டுவார்கள் அல்லவா! இதற்கும் அடியில் இன்னொரு நோக்கம் உண்டு, அதைப் பெற்றோர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: ‘பையன் என்ன பண்றான்?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது நான்கு வருஷத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறது. தகப்பனின் கல்யாண வீட்டுச் சங்கடத்தைத் தீர்க்க மகன் சியாச்சினுக்குப் போக வேண்டுமா?

பட்டாளத்தை நான் இழிவுபடுத்துவதாக அடுத்து எழுதுவார், எழுதட்டும். இழிவுபடுத்துகிறவர் அவர்தான். வேறு எதற்கும் லாயக்கில்லாதவர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாக அதை வர்ணித்திருப்பவர் நானல்ல. ஒருவன் நிபந்தனைகளை எழுத்தெழுத்தாகப் படித்து, கையில் 21,000 என்றும், நூற்றுக்கு 75 பேருக்கு அது நான்கு வருஷ வேலை என்றும், உயிருக்கு ஆபத்து உண்டென்றும் தெரிந்துகொண்டு, கடன் அடைக்கவோ ஆசைக்காகவோ போகிறேன் என்றால், மாலை போட்டு அனுப்ப நானும் வருவேன். அவன் வேலைக்குப் போகிறான், சிகிச்சைக்குப் போகவில்லை. இன்னும் தெரியவில்லை என்கிறவன் ஒரு வருஷம் ஐடிஐயில் சேர்ந்தோ, ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் ஏதாவது ஒரு வேலையில் ஒட்டியோ பார்க்கட்டும். அதில் தோற்றாலும் வெளியே வர முடியும்.

தரைப்படை அக்னி வீரர்களின் முதல் தொகுதி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அதோடு நான்கைக் கூட்டக் கட்டுரையாளருக்கு வாய்ப்பாடு தேவைப்படாது. திரும்பி வருகிறவனுக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. டீக்கடை அதே பைபாஸில்தான் இருக்கும். அவனுக்கு ஐயா என்ன மருந்து எழுதப்போகிறார் என்பதை இப்போதே வெளியிட்டுவிட்டால், என் அடுத்த எதிர்வினையை நானும் இப்போதே தொடங்கிவிடுவேன்.